கிளட்ச் பிடிக்காமல் பைக்கில் கியர் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

ஓடிக்கொண்டிருக்கும் பைக்கில் மேல் கியருக்குப் போக கிளட்ச் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதற்கும், இன்ஜின் அணையாமல் வண்டியை நிறுத்துவதற்கும்தான் அது வழக்கமாகத் தேவை. நடுவில் கியர் மாறுவதற்கு கியர்பாக்ஸ் கேட்பது வேறு ஒன்று: ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அதன் மேல் இருக்கும் இழுவை விலக வேண்டும். அதைக் கிளட்ச் செய்து கொடுக்கும். ஆக்சிலரேட்டர் பிடித்திருக்கும் உங்கள் வலது கையும் செய்து கொடுக்கும்.

இதைச் சாகசம் என்று நினைப்பவர்களும் உண்டு, கியர்பாக்ஸைக் கொல்லும் வேலை என்று பயப்படுபவர்களும் உண்டு. சரியாகச் செய்தால் இது இரண்டுமே இல்லை. ஆனால் "சரியாக" என்பதற்குள் நிறைய விஷயம் இருக்கிறது. காலால் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதில் எதுவும் இல்லை. எல்லாமே வலது மணிக்கட்டில்தான். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் பழகினால், ஒரு நாள் நன்றாக விழும், மறுநாள் 'கடக்' என்று அடிக்கும், ஏன் என்று தெரியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாக உள்ளே பார்ப்போம்.

பைக் கியர்பாக்ஸில் எல்லா கியர் ஜோடிகளும் எப்போதும் ஒன்றோடொன்று பல் கோர்த்தபடியேதான் சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டோடு பிணைந்து சுழலும். மற்றது தன் தண்டின் மேல் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சும்மா சுற்றும் அந்தச் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவதுதான் கியர் போடுவது. எப்படிப் பூட்டுகிறது? பக்கத்தில் இருக்கும் இன்னொரு சக்கரம் தண்டின் மேலேயே நகர்ந்து வந்து, தன் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் தடித்த கட்டைகளை இதன் குழிகளுக்குள் நுழைக்கும். இந்தக் கட்டைகளை டாக் என்பார்கள். சக்கரத்தை நகர்த்துவது ஃபோர்க் என்ற கவை வடிவத் துண்டு. ஃபோர்க்கை நகர்த்துவது, பள்ளம் வெட்டிய ஓர் உருளை. அந்த உருளையை ஒவ்வொரு படியாகத் திருப்புவது உங்கள் கால்.

காரின் மேனுவல் கியர்பாக்ஸில் இரண்டு பக்கத்தின் வேகத்தையும் உரசிச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்கள் இருக்கும். பைக்கில் அவை கிடையாது. டாக் கட்டைகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி இருப்பதால், வேகத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் அவை 'டக்' என்று உள்ளே விழுந்துவிடும். கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றுவது காரை விட பைக்கில் சுலபமாக இருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

இப்போது முக்கியமான இடம். டாக் கட்டைகளின் முகங்கள் பெரும்பாலும் நேராக வெட்டப்பட்டிருக்காது. சில டிகிரி உள்நோக்கிச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். இன்ஜின் இழுக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இன்னும் இறுக்கமாகக் கவ்விக்கொள்ளட்டும், ஓடும்போது கியர் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. ஆக, ஆக்சிலரேட்டர் முறுக்கி இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது லீவரை எவ்வளவு உதைத்தாலும் கியர் கழலாது. கழலாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. மீறி உதைத்தால் வளைவது ஃபோர்க்தான்.

ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டாலும் அதே நிலைமை, திசைதான் மாறும். இப்போது பின்சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. டாக்கின் மறுபக்க முகங்கள் கவ்விக்கொள்கின்றன. இதைத்தான் நாம் இன்ஜின் பிரேக்கிங் என்கிறோம்.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஒரு கணம் உண்டு. இன்ஜின் சக்கரத்தை இழுக்கவில்லை, சக்கரமும் இன்ஜினை இழுக்கவில்லை. டாக் கட்டைகள் குழிக்குள் எதையும் தொடாமல் தளர்ந்து நிற்கும். அந்தக் கணத்தில் சுண்டுவிரல் பலம் போதும், கியர் கழன்றுவிடும்.

கழன்றால் மட்டும் போதாது. அடுத்த கியர் விழ வேண்டும், அதற்கு இன்ஜின் வேகம் பொருந்த வேண்டும். ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் அதோடு சேர்ந்து ஓடினால்தான் தடுமாறாமல் ஏற முடியும். அதுபோலத்தான் இதுவும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மூன்றாம் கியரின் விகிதம் (வெளித் தண்டு ஒரு சுற்று சுற்ற, உள் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) 1.375, நான்காம் கியரின் விகிதம் 1.10 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் 5000 ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) ஓடும்போது நான்குக்கு மாறினால், வண்டியின் அதே வேகத்துக்கு இன்ஜின் 4000 ஆர்பிஎம்மில் இருக்க வேண்டும். அதாவது 1000 இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரை லேசாக விட்டால் என்ன ஆகும்? இழுவை விலகுகிறது, கூடவே ஆர்பிஎம்மும் இறங்குகிறது. மேல் கியருக்குத் தேவையான இரண்டுமே ஒரே அசைவில் கிடைத்துவிடுகின்றன.

கீழ் கியரில் கதை தலைகீழ். நான்கில் 4000 ஓடும் வண்டியை மூன்றுக்கு இறக்கினால் இன்ஜின் 5000-க்கு ஏற வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டால் ஏறாது, இறங்கும். அதனால்தான் மேலே போவது ஒரு வாரத்தில் கைவரும், கீழே இறங்குவது அவ்வளவு சீக்கிரம் வராது.

எந்த வண்டியில் செய்யலாம்

வழக்கமான கால் கியர், கைக் கிளட்ச் உள்ள பைக் எதிலும் இந்த முறை வேலை செய்யும். கேபிள் கிளட்சோ ஹைட்ராலிக் கிளட்சோ, வித்தியாசமில்லை. ஆனால் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி இருக்காது. நான்கு சிலிண்டர் வண்டிகளில் ஆர்பிஎம் சட்டென்று இறங்கும், கியர் வெண்ணெய் மாதிரி விழும். கனமான ஃப்ளைவீல் (இன்ஜினின் சுழற்சியைச் சீராக வைக்கும் கனச் சக்கரம்) உள்ள பெரிய ஒற்றை, இரட்டை சிலிண்டர் இன்ஜின்களில் ஆர்பிஎம் மெதுவாகத்தான் இறங்கும். அங்கே அவசரப்பட்டால் அடி விழும், கியர் லீவரைக் கொஞ்சம் பொறுத்தே விட வேண்டும். கியர் வரிசை ஒன்று கீழே, மற்றவை மேலே என்று இருக்கலாம். எல்லாமே ஒரே திசையிலும் இருக்கலாம். கீழே நான் "மேல் கியர்" என்று சொல்லும்போது லீவரின் திசையைச் சொல்லவில்லை, கியர் எண்ணைத்தான் சொல்கிறேன்.

1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் போன்ற வண்டிகளில் கியர் உண்டு, கிளட்ச் லீவர் கிடையாது. அவற்றில் கியர் பெடலை மிதிக்கும்போதே உள்ளே கிளட்ச் விலகிவிடும். இந்தக் கட்டுரை அவற்றுக்கானது அல்ல. ஸ்கூட்டர்களுக்கும், இரட்டை கிளட்ச் தானியங்கி பைக்குகளுக்கும் இது பொருந்தாது.

கியர் ஏற்கெனவே தானாகக் கழன்று விழுகிற வண்டியில் இதைப் பழகாதீர்கள். அந்த வண்டியில் டாக் முனைகள் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

தொடங்கும் முன்

செயின் தொங்கல் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவில் இருக்கட்டும். தளர்ந்த செயின் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு உதறல் கொடுக்கும். உங்கள் கை சரியாகச் செய்ததா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும். ஆக்சிலரேட்டர் கேபிளில் அதிக ஆட்டம் இருந்தாலும் இதே தொல்லைதான். கியர் லீவரின் உயரம் உங்கள் ஷூவுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். கணுக்காலைத் தூக்காமல் லீவரை முழுக்க நகர்த்த முடிய வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஆரம்பியுங்கள். குளிர்ந்த ஆயிலில் எந்தக் கியரும் சரியாக விழாது.

நேரான, காய்ந்த, ஆள் நடமாட்டமில்லாத சாலை. பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம். ஹெல்மெட், கையுறை, ஷூ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேல் கியருக்கு: படிப்படியாக

முதல் பயிற்சியை மூன்றிலிருந்து நான்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழ் கியர்களில் விகித இடைவெளி பெரிது, மேலே போகப் போக நெருங்கும். ஒரு ஆறு கியர் வண்டியில் ஒன்று முதல் இரண்டுக்கு 5000-இலிருந்து ஏறக்குறைய 3200-க்கு இறங்க வேண்டியிருக்கும் என்றால், ஐந்து முதல் ஆறுக்கு 4400 அளவுக்கு இறங்கினால் போதும். இடைவெளி சிறிதாக இருந்தால் தவறும் சிறிதாகவே இருக்கும்.

நேரடியாகக் கிளட்சை மறந்துவிடவும் வேண்டாம். முதலில் வழக்கம்போல கிளட்ச் பிடித்தே மாற்றுங்கள், ஆனால் பிடிக்கும் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முழுக்க இழுக்காமல் பாதி. அப்புறம் இரண்டு விரலால் ஒரு சின்னத் தொடுதல். இந்தக் கட்டத்திலேயே கை கால் இரண்டின் நேரமும் ஒத்துவரத் தொடங்கும். அதன் பிறகு கிளட்சைத் தொடாமல்:

1. மூன்றாம் கியரில் மிதமாக வேகம் எடுங்கள். நீங்கள் வழக்கமாக நான்குக்கு மாற்றும் வேகம் எதுவோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் லேசாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். முக்கி முக்கி ஓடும் தாழ்ந்த ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக உதைக்கும், தளர்ந்த கணம் பிடிபடாது. மிக உயர்ந்த ஆர்பிஎம்மில் சின்னத் தவறும் பெரிய அடியாக விழும்.

2. இடது கையின் இரண்டு விரல்கள் கிளட்ச் லீவர் மேல் இருக்கட்டும். இழுப்பதற்காக அல்ல, ஏதாவது தவறினால் கைக்கு எட்டுவதற்காக.

3. ஷூவின் முன்பகுதியை கியர் லீவரில் வைத்து, அதன் ஆட்டம் தீரும் வரை நகர்த்துங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தம். லீவர் அதற்கு மேல் நகராது. நகரவும் கூடாது, ஏனென்றால் டாக் இன்னும் கவ்விக்கொண்டிருக்கிறது. இந்த முன்னழுத்தம்தான் தந்திரம். நீங்கள் கியரைத் தள்ளவில்லை. கதவு திறந்ததும் உள்ளே போகத் தயாராக லீவரை நிறுத்தி வைக்கிறீர்கள்.

4. அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை சட்டென்று கொஞ்சமாக விடுங்கள். முழுக்க மூட வேண்டியதில்லை. மெதுவாகவும் விட வேண்டாம். ஒரு சின்ன வெட்டு.

5. லீவர் தானாக நழுவி அடுத்த கியருக்குப் போவதைக் கால் உணரும். பலம் கூட்ட வேண்டியதே இருக்காது.

6. விழுந்த உடனே ஆக்சிலரேட்டரை மெல்லத் திரும்பக் கொடுங்கள். விட்டதும் கொடுத்ததும் சேர்ந்து அரை நொடிக்குள் முடிந்துவிடும்.

7. காலை லீவரிலிருந்து முழுக்க எடுங்கள். உள்ளே உருளையைப் படிப்படியாகத் திருப்பும் ராட்செட் தன் இடத்துக்குத் திரும்பினால்தான் அடுத்த கியருக்குத் தயாராகும். காலை அப்படியே அழுத்தி வைத்திருந்தால் அடுத்த மாற்றம் தவறும், ஃபோர்க்கும் வீணாக உரசிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவே நேரம் அதிகம் போகக் கூடாது. லீவரை அழுத்திக்கொண்டே நூறு மீட்டர் ஓட்டுவது முன்னழுத்தம் ஆகாது, ஃபோர்க்கைத் தேய்ப்பது. ஒரு நொடிக்கும் குறைவாக இருக்கட்டும்.

சரியாக விழுந்த கியருக்குச் சத்தம் கிட்டத்தட்ட இருக்காது. ஹெல்மெட்டுக்குள் இன்ஜின் குரல் ஒரு படி இறங்கியது மட்டும்தான் கேட்கும். வேறு மாதிரி நடந்தால் அது எதையோ சொல்கிறது. வண்டி முன்னால் குதித்தால், நீங்கள் ஆர்பிஎம் இறங்குவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரைத் திரும்பக் கொடுத்துவிட்டீர்கள். பின்னால் இழுத்துத் தலை முன்னே சாய்ந்தால், அதிக நேரம் மூடி வைத்துவிட்டீர்கள். ஆர்பிஎம் தேவைக்கு மேல் இறங்கி, இன்ஜின் பிரேக் பிடித்திருக்கிறது. லீவர் நகரவே இல்லை என்றால் பெரும்பாலும் வெட்டு போதவில்லை. மிக மெதுவாக விட்டீர்கள், அல்லது தளர்ந்த கணத்தைத் தாண்டி இன்ஜின் பிரேக்கிங்குக்குள் போய்விட்டீர்கள். அப்படியானால் உதைக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை லேசாகத் திரும்பக் கொடுத்தாலே அந்தக் கணம் மறுபடி கடந்து போகும், அப்போது விழும்.

தொடர்ந்து 'கரகர' என்று அரைக்கும் சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். டாக் முனைகள் குழியில் விழாமல் ஒன்றின் மேல் ஒன்று தட்டிக்கொண்டிருக்கின்றன. முன்னழுத்தம் அரைகுறையாக இருக்கும்போதுதான் இது வரும். கால் தயங்கக் கூடாது. மென்மையாக இருக்கலாம், அரைமனதாக இருக்கக் கூடாது.

இரண்டு கியர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வதும் நடக்கும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி இழுக்காது. பொய் நியூட்ரல் என்பது இதுதான். பதறாமல் ஆக்சிலரேட்டரை மூடுங்கள், கிளட்சைப் பிடியுங்கள், மேல் கியருக்குப் போட்டு கிளட்சை மெல்ல விடுங்கள். சந்தேகம் இருந்தால் எப்போதும் மேல் கியர்தான் பாதுகாப்பு. கீழே போட்டால் இன்ஜின் தாங்காத ஆர்பிஎம்முக்கு ஏறலாம், பின்சக்கரமும் பூட்டலாம்.

மூன்று–நான்கு கைவந்தபின் நான்கு–ஐந்து, ஐந்து–ஆறு எல்லாம் தானாக வரும். இரண்டு–மூன்று கொஞ்சம் கூடுதல் பொறுமை கேட்கும். ஒன்று–இரண்டை மட்டும் நான் தனியாக வைப்பேன். நடுவில் நியூட்ரல் இருக்கிறது, லீவர் நகர வேண்டிய தூரம் அதிகம், ஆர்பிஎம் வித்தியாசமும் மிகப் பெரிது. வேண்டுமென்றால் செய்யலாம்தான். ஆனால் அன்றாட ஓட்டத்தில் ஒன்று–இரண்டுக்கு கிளட்ச் பிடிப்பதால் இழப்பது எதுவுமில்லை. அனுபவசாலிகள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கீழ் கியருக்கு

இதைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்றாடம் கீழ் கியருக்கு கிளட்ச் பிடியுங்கள். கிளட்ச் இல்லாமல் இறக்கத் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் பழக்கமாக்க வேண்டாம். மேல் கியரில் தவறினால் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். கீழ் கியரில் தவறினால் அந்த அடி நேராகப் பின் டயருக்குப் போகிறது. நாம் கீழ் கியர் போடுவதும் பெரும்பாலும் வளைவுக்கு முன்னால், பிரேக் பிடித்தபடி, பின்சக்கரத்தில் எடை குறைந்திருக்கும் நேரத்தில்தான். ஈரச் சாலையில் அந்த ஒரு இழுப்பு போதும், பின்சக்கரம் வழுக்கிவிடும். ஏபிஎஸ் காப்பாற்றும் என்று நம்பவும் வேண்டாம். ஏபிஎஸ் பிரேக்கைத்தான் தளர்த்தும், இன்ஜின் இழுப்பை அது தளர்த்தாது. ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டியில் நிலைமை கொஞ்சம் மேல். லீவரைத் தொடாவிட்டாலும் பின்னிழுப்பு அதிகமானால் அது தானாக வழுக்கி அடியைக் குறைக்கும்.

செய்முறை இது. நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரை மூடி வேகம் குறைய விடுங்கள், ஆர்பிஎம் நடுத்தரத்துக்குக் கீழே வரட்டும். இப்போது சக்கரம் இன்ஜினை இழுத்துக்கொண்டிருக்கிறது, டாக் மறுமுகத்தில் கவ்வியிருக்கிறது. லீவரில் கீழ் கியரின் திசையில் முன்னழுத்தம் கொடுங்கள். இனி ஆக்சிலரேட்டரை ஒரு சுண்டு சுண்டுங்கள்: திறந்து, உடனே மூட வேண்டும். அந்தச் சுண்டலில் இரண்டு வேலை நடக்கிறது. இன்ஜின் சக்கரத்தை எட்டிப் பிடிக்கும் கணத்தில் டாக் தளர்கிறது, கியர் கழல்கிறது. கழன்ற இன்ஜின் சுமையில்லாமல் மேலே ஏறுகிறது, மூன்றாம் கியருக்குத் தேவையான ஆர்பிஎம்மைத் தொடுகிறது. கால் அழுத்தியபடியே இருப்பதால் மூன்று விழுகிறது.

சுண்டல் போதாவிட்டால் பின்னால் ஒரு இழுப்பு, அதிகமானால் முன்னால் ஒரு குதிப்பு. இரண்டுக்கும் நடுவே உங்கள் வண்டியின் அளவு இருக்கிறது, அதைக் கை மட்டுமே கற்றுக்கொள்ளும். நியூட்ரலில் நின்றபடி இன்ஜினைச் சுண்டி, எவ்வளவு முறுக்கினால் 1000 ஆர்பிஎம் ஏறுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது உதவும்.

சிலர் சுண்டாமலே இறக்குவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை விடும் அதே கணத்தில் லீவரை அழுத்தினால் கியர் விழத்தான் செய்கிறது, ஏனென்றால் அங்கேயும் ஒரு தளர்ந்த கணம் உண்டு. ஆனால் ஆர்பிஎம் இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஏற வேண்டிய கியர் விழுகிறது. அந்த வித்தியாசம் முழுவதையும் டாக், செயின், பின்சக்கர ஹப்பில் உள்ள ரப்பர்கள், டயர் எல்லாம் பங்கு போட்டுத் தாங்க வேண்டும். கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றினால் கியர்பாக்ஸ் கெடும் என்ற பேச்சுக்குப் பெரும்பங்கு காரணம் இந்தப் பழக்கமாகத்தான் இருக்கும்.

முன்பிரேக் பிடித்தபடி சுண்டுவது அடுத்த நிலை. இரண்டு விரல் பிரேக்கில், மீதி விரல்களும் உள்ளங்கையும் ஆக்சிலரேட்டரில் இருக்க வேண்டும். பிரேக் அழுத்தம் மாறாமல் சுண்ட வேண்டும். பிரேக் இல்லாமல் இறக்குவது முழுக்கக் கைவந்த பிறகே இதைத் தொடுங்கள். வண்டி சாய்ந்திருக்கும்போது எந்தத் திசையிலும் இந்தப் பயிற்சி வேண்டாம்.

கியர்பாக்ஸ் கெடுமா?

சுத்தமாக மாற்றினால், கிளட்ச் பிடித்து மாற்றுவதை விட அதிகமாகக் கெடாது. அசிங்கமாக மாற்றினால் கெடும். அதை மறைக்க முடியாது. கிளட்ச் பிடிக்கும்போது வேக வித்தியாசத்தைத் தகடுகள் வழுக்கி வாங்கிக்கொள்ளும், அவை தேய்வதற்கென்றே இருக்கும் பொருட்கள். கிளட்ச் இல்லாதபோது அந்த வித்தியாசம் டாக் முனைகளுக்குப் போகிறது. முனை மழுங்கினால் கவ்வல் போகும். இழுக்கும்போது கியர் துள்ளிக் கழலும். பெரும்பாலான பைக்குகளில் அதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்கி, அதன் உறையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கிளட்ச் தகடு மாற்றுவதோ ஒரு பக்க மூடியைக் கழற்றினால் முடிகிற வேலை. எது மலிவு என்று சொல்ல வேண்டியதில்லை.

குவிக்‌ஷிஃப்டர் உள்ள வண்டிகள் இதே வேலையைத்தான் இயந்திரமாகச் செய்கின்றன. கியர் ராடில் உள்ள சென்சார் உங்கள் கால் அழுத்தத்தை உணர்ந்ததும், இன்ஜினின் பற்றவைப்பையோ எரிபொருளையோ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் துண்டிக்கும். உங்கள் மணிக்கட்டு போட்ட சின்ன வெட்டு அது, துல்லியமாக. கீழ் கியருக்கும் வேலை செய்யும் வகையாக இருந்தால், கணினியே ஆக்சிலரேட்டரைச் சுண்டிக்கொள்ளும். அந்த வண்டிகளில் நீங்களும் சேர்ந்து ஆக்சிலரேட்டரை விட்டால் இரண்டும் மோதி, மாற்றம் மோசமாகும். முறுக்கியபடியே பிடித்து, காலை மட்டும் தயங்காமல் நகர்த்துங்கள். காலை லீவரில் ஓய்வாக வைக்கும் பழக்கம் இருந்தால் சென்சார் குழம்பும். குவிக்‌ஷிஃப்டரும் நடுத்தர ஆர்பிஎம்முக்கு மேல்தான் நன்றாக வேலை செய்கிறது. நகரத்தில் ஊர்ந்து போகும்போது கிளட்சே மேல்.

கிளட்ச் கேபிள் அறுந்தால் வீடு வந்து சேர்வது

என்னைக் கேட்டால், இதையெல்லாம் கற்றுக்கொள்வதற்கு முதல் காரணம் இந்தப் பகுதிதான். கேபிள் பெரும்பாலும் லீவர் பக்கத்து உருளை முனையருகே, இழை இழையாகப் பிரிந்து, ஒரு நாள் முழுசாக அறும். ஹைட்ராலிக் கிளட்சில் ஆயில் கசிந்துபோனாலும் விளைவு ஒன்றுதான்: லீவர் இழுத்தால் எதுவும் நடக்காது, இன்ஜினும் கியர்பாக்ஸும் எப்போதும் இணைந்தே இருக்கும்.

ஓடும்போது அறுந்தால் உடனே நிற்காதீர்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை உங்களுக்குப் பிரச்சினை இல்லை. மேலே சொன்னபடி கியர் மாற்றிக்கொண்டே போகலாம். சிக்கல் நிற்பதிலும் கிளம்புவதிலும்தான்.

நிறுத்தப் போகும் இடத்தை முன்கூட்டியே பார்த்து, இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். வேகத்தை நடை வேகம் வரை குறையுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டுக்கொண்டே, இரண்டிலிருந்து ஒன்றின் பக்கமாக லீவரை அரைத் தூரம் மட்டும் தட்டுங்கள். தளர்ந்த கணத்தில் நியூட்ரல் விழும், பச்சை விளக்கு எரியும். வண்டி முழுக்க நிற்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், நின்ற பிறகு நியூட்ரல் கண்டுபிடிப்பது கடினம். கிடைக்காவிட்டால் கில் ஸ்விட்சால் (ஹேண்டிலில் இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச்) இன்ஜினை அணைத்துவிட்டுப் பிரேக் பிடியுங்கள். இன்ஜின் நின்றதும் வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தால் நியூட்ரலுக்குத் தட்டிவிடலாம்.

கிளம்ப இரண்டு வழிகள். முதல் வழி, இறக்கம் இருந்தாலோ வண்டி இலேசாக இருந்தாலோ: நியூட்ரலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சீட்டில் உட்கார்ந்தபடி கால்களால் உந்தித் தள்ளுங்கள். மெதுவாக ஓடும் ஆளின் வேகம் வந்ததும், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒன்றாம் கியரைத் தட்டுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஒன்றாம் கியர் ஓடும் வேகம் கிட்டத்தட்ட அதுதான். ஒரு 'டக்' சத்தம் கேட்கும், வண்டி பிடித்துக்கொள்ளும், மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுங்கள்.

இரண்டாவது, தட்டையான சாலையில்: இன்ஜின் அணைந்த நிலையில் ஒன்றாம் கியரைப் போடுங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஹேண்டிலை நேராக வைத்து, முன்னால் இருபது மீட்டராவது காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டரை அழுத்தினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னால் இழுக்கும், ஓரிரு குதிப்பில் இன்ஜின் பற்றிக்கொள்ளும். கியரில் ஸ்டார்ட் ஆக கிளட்ச் பிடித்திருக்க வேண்டும் என்ற பூட்டு பல வண்டிகளில் உண்டு. அந்த ஸ்விட்ச் கைப்பிடியில்தான் இருக்கும் என்பதால், கேபிள் அறுந்திருந்தாலும் லீவரை இழுத்துப் பிடித்தால் போதும். இந்த வழி பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் கடுமையான சுமை. சின்ன வண்டியில் ஓரிரு தடவை செய்யலாம். பெரிய இன்ஜினில் இதைத் தவிருங்கள்.

ஆக, வீட்டுக்குப் போகும் வழியை நிறுத்தங்கள் எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். தூரம் கூடினாலும் சிக்னல் குறைந்த சாலை நல்லது. தொலைவில் சிவப்பு தெரிந்தால் முன்பே வேகத்தைக் குறைத்து, நிற்காமல் ஊர்ந்தபடியே பச்சைக்குப் போய்ச் சேரப் பாருங்கள். நெரிசல் நேரமாக இருந்தால் முயலவே வேண்டாம். ஓரம் கட்டிவிட்டு வண்டியை ஏற்றிச் செல்ல ஆளைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம்.

கேபிள் அறுவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் அறும். லீவர் கனமாகும், இழுக்கும்போது கொரகொரக்கும், எத்தனை முறை சரிசெய்தாலும் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். லீவர் முனையில் ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். நீண்ட பயணம் போகிறவர்கள் புதுக் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்தே ஹேண்டிலிலிருந்து இன்ஜின் வரை ஓட்டி, பிளாஸ்டிக் டேக்கால் கட்டி வைப்பது உண்டு. இரண்டு முனைகளிலும் தூசி புகாமல் டேப் சுற்றிவிட்டால் போதும். அறுந்த இடத்திலேயே, பத்து நிமிடத்தில், ஒரு ஸ்பேனரோடு மாற்றிவிடலாம். மாற்றியபின் லீவர் முனையில் கையேட்டில் சொன்ன அளவு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கேபிள் கொஞ்ச நாளில் சற்றுத் தளரும், அப்போது அட்ஜஸ்டரை ஒரு தடவை திருத்த வேண்டியிருக்கும்.